எடைக்கல்லைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை முதல் திருநெல்வேலி டவுன் மளிகைக் கடை வரை இன்றைக்கு எங்கும் எலெக்ட்ரானிக் தராசுதான். இரும்புக் கற்கள் கடை மூலையில் கிடக்கின்றன, இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விட்டன. போட்டிருக்கக் கூடாது. தட்டும் கல்லுமாக நிறுத்த காலம் திரும்பி வரவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. எலெக்ட்ரானிக் தராசுக்கே பக்கத்தில் ஒரு கல் வேண்டும்.

தட்டுத் தராசு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு பக்கம் கல், மறுபக்கம் சரக்கு. பூமி இரண்டையும் ஒரே மாதிரி இழுக்கிறது. எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் முள் மாறாது. எலெக்ட்ரானிக் தராசில் ஒப்பிட எதுவும் இல்லை, அது விசையை அளக்கிறது. தட்டுக்கு அடியில் லோடு செல் என்ற அலுமினியக் கட்டை இருக்கிறது. பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழைகளின் மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் திரையில் கிலோவாக வருகிறது. பூமியின் இழுப்போ ஊருக்கு ஊர் கொஞ்சம் வேறுபடும். டெல்லியில் சரிபார்த்த தராசை அப்படியே நெல்லையில் வைத்தால் 10 கிலோவுக்குச் சுமார் 11 கிராம் குறைத்துக் காட்டும். தராசில் பழுது இல்லை. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கடைக்காரர் தெரியாமலே ஒவ்வொரு எடையிலும் கூடக் கொஞ்சம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே புதுத் தராசை நம் ஊரிலேயே கல் வைத்துச் சரிசெய்து, அரசு முத்திரை போட்டுத்தான் வாங்க வேண்டும்.

மளிகைக் கடைகளில் சாதாரணமாகப் பார்க்கிற 30 கிலோ தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் எண்ணைக் காட்டும். குறைந்த அளவு 100 கிராம் என்று அதன் தகட்டிலேயே பொறித்திருக்கும், யாரும் வாசிப்பதில்லை. அதில் 50 கிராம் ஏலக்காய் நிறுத்தால், இரண்டரை கிராம் முன்னே பின்னே போனாலே இருபதில் ஒரு பங்கு. ஏலம், கிராம்பு விற்பவர் தனியாக ஒரு சின்னத் தராசு வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

மிளகைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி நிறுக்கும் பழக்கமும் ஆகாது. தூசியாலும் வெப்பத்தாலும் எண் நகர்ந்துவிடாமல் இருக்க, பூஜ்யத்தை ஒட்டிய சிறு மாற்றங்களைத் தராசு தானாகவே பூஜ்யமாக்கிக்கொள்ளும். மெதுவாகத் தூவினால் முதலில் விழுந்த மிளகு கணக்கிலேயே வராது. காகிதத்தை வைத்து, தட்டில் இருப்பதைக் கழித்துப் பூஜ்யம் காட்டவைக்கும் ‘டேர்’ பொத்தானை அமுக்கி, ஒரு கை அள்ளி மொத்தமாகப் போட்டுவிட்டு, அதன்பின் கூட்டிக் குறைக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று தென்காசிப் பக்கம் கடைசி எண்ணை நிற்கவே விடாது. “கொஞ்சம் பாத்துப் போடுங்க அண்ணாச்சி” என்று வாடிக்கையாளர் கேட்பதிலும் தப்பில்லை, எண் ஆடிக்கொண்டே இருந்தால் அண்ணாச்சிதான் என்ன செய்வார்? தட்டைத் தொடாமல் மூன்று பக்கமும் கண்ணாடித் தடுப்பு வைத்து, நேர் மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்தினால் போதும்.

பெரும்பாலான கோளாறுகள் தட்டுக்கு அடியில்தான். தட்டைத் தூக்கினால் கருப்பட்டித் தூள், நாலு அரிசி, செத்த எறும்பு எல்லாம் கிடக்கும். தட்டைத் தாங்கும் சட்டத்துக்கும் அடிப்பெட்டிக்கும் நடுவில் சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. அங்கே ஒரு துவரம்பருப்பு சிக்கிக்கொண்டால் பாரத்தில் ஒரு பகுதி லோடு செல்லுக்குப் போகாமல் பெட்டியிலேயே இறங்கிவிடும். இதை அடையாளம் காண்பது எளிது: 1 கிலோ சரியாக வரும், 10 கிலோ குறைவாக வரும். பாரம் கூடினால்தானே சட்டம் தாழ்ந்து பருப்பைத் தொடும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளிவிட்டால் தீர்ந்தது. தண்ணீர் படக்கூடாது. தூத்துக்குடிப் பக்கத்து உப்புக் காற்றில் பேட்டரி இணைப்புகள் பச்சை பூத்துவிடும், அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இதைவிட மோசமானது தட்டின் மேல் விழும் அடி. களக்காட்டு வாழைத்தார் ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து தொப்பென்று போட்டால், தாரின் எடையைப் போலப் பல மடங்கு விசை ஒரு கணம் இறங்கும். லோடு செல் நிரந்தரமாக வளைந்துவிடும். டேர் அமுக்கினால் பூஜ்யம் வந்துவிடுவதால் கேடு வெளியே தெரியாது.

அதைக் கண்டுபிடிக்கத்தான் கல். காலையில் தட்டு காலியாக இருக்கும்போது தராசை ஆன் செய்து, பத்து நிமிடம் விட்டு, மட்டம் காட்டும் நீர்க்குமிழி நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் 1 கிலோ, பிறகு 10 கிலோ கல்லை நடுவில் வையுங்கள். அடுத்து அதே 10 கிலோவை நான்கு மூலைப் பக்கமும் நகர்த்துங்கள். எந்த மூலையிலாவது 5 கிராமுக்கு மேல் விலகினால் லோடு செல்லில் ஏதோ ஆகிவிட்டது. கல்லும் முத்திரை போட்டதாக இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை, எடைக்கல்லுக்கு 24 மாதம். கல்லின் குழியில் இருக்கும் ஈயத்தில்தான் முத்திரை விழும். அந்த ஈயம் கழன்றுபோன கல்லை நம்பக் கூடாது. துரு பிடிக்கிறதென்று பெயின்ட் அடிக்கவும் கூடாது, எடை ஏறிவிடும்.

விலகல் தெரிந்தால் முத்திரைக் கம்பியை நாமே அறுக்கக் கூடாது. உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும், சரிசெய்தபின் மறுபடி முத்திரை. தராசு திரும்பி வரும்வரை முத்திரை உள்ள தட்டுத் தராசு கைகொடுக்கும். ஆனால் காலித் தட்டில் முள் நடுவில் நிற்பதை மட்டும் வைத்து அதை நம்பிவிட வேண்டாம். தராசுக் கோலின் கைகள் இரண்டும் ஒரே நீளமா என்பது அதில் தெரியாது. ஒருமுறை நிறுத்தபின் கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வையுங்கள். அப்போதும் முள் நடுவில் நின்றால் தாராளமாக வியாபாரம் செய்யலாம்.