விசில் சத்தம் வேண்டாம், வண்டி நின்று போகாமல் இருந்தால் போதும்

நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு சிக்னலை நோக்கி என் டர்போ பெட்ரோல் வண்டியை உருள விட்டால் ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு விழும், ஒரு நொடி திணறும், சில நாள் சமாளித்து எழுந்துகொள்ளும், சில நாள் அப்படியே நின்று போகும். இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். ஸ்பார்க் பிளக் மாற்றினேன், என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், அந்தக் காற்றை அளக்கும் மாஃப் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயை வாங்கி அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி நானே ஆசைப்பட்டு வாங்கி மாட்டிய ப்ளோ-ஆஃப் வால்வு, டர்போவின் மிச்சக் காற்றை வெளியே துப்புகிற வகை. கியர் மாற்றும்போதெல்லாம் 'ப்ஷ்ஷ்' என்று வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன், மறைக்க ஒன்றும் இல்லை.

இப்போது அதைக் கழற்றிவிட்டு, காற்றைத் திரும்ப இன்டேக்குக்கே, அதாவது காற்று உள்ளே வரும் குழாய்க்கே, அனுப்பும் ரீசர்க்குலேட்டிங் வால்வு போட்டாயிற்று. டைவர்ட்டர் வால்வு, பைபாஸ் வால்வு என்றெல்லாம் சொல்வது இதைத்தான். எந்த வால்வு வாங்குவது என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன், அதை எப்படி மாட்டுவது என்று ஒரு மணி நேரம்கூட யோசிக்கவில்லை. நியாயமாக இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்த தொல்லை எல்லாமே ஹோஸில்தான் வந்தது.

இந்த வால்வு எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்வரை டர்போவின் கம்ப்ரஸர் காற்றை அமுக்கி, அதைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குத் தள்ளும். காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ளும், ஆனால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸர் உடனே நிற்குமா என்ன, அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். வழியில்லாத காற்று கம்ப்ரஸர் வழியாகவே பின்னோக்கிப் பாயும், உடனே மறுபடி முன்னோக்கி, மறுபடி பின்னோக்கி. இதற்குப் பெயர் சர்ஜ். 'சுத்துத்துத்து' என்று வரும் அந்த ஓசைக்காகவே வால்வைக் கழற்றி அடைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு 'துத்து'வும் டர்போவின் அச்சு முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் வாங்கும் ஓர் அடி, அவரவர் பணம், அவரவர் பேரிங். டீசல்காரர்கள் இதையெல்லாம் படிக்கத் தேவையில்லை. டீசலின் சக்தியைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவு, த்ராட்டில் அல்ல, அதனால் கால் எடுத்ததும் முகத்தில் அறைகிற மாதிரி மூடும் கதவு அங்கே இல்லை.

சரி, காற்றை வெளியே விட்டால் என் வண்டி ஏன் நின்றது? என் வண்டியில் மாஃப் சென்சார் இருக்கிறது. ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகும் காற்றை கிராம் கணக்கில் எண்ணி என்ஜினின் கணினியான இசியுவிடம் சொல்லும், இசியு அதற்கேற்ப பெட்ரோல் ஊற்றும். எண்ணிய காற்று முழுவதும் என்ஜினுக்குத்தான் போகும் என்பது அதன் நம்பிக்கை. வால்வு வெளியே திறந்திருக்கும்போது, இன்னும் வேகம் குறையாத கம்ப்ரஸர் மாஃப் வழியாகப் புதுக் காற்றை இழுத்து நேராக வெளியே கொட்டுகிறது. என் 1.8 லிட்டர் என்ஜின் ஐடிலில் நொடிக்குச் சுமார் 3 கிராம் காற்று குடிக்கும், முழு பூஸ்டில், அதாவது டர்போ முழு அழுத்தம் தரும்போது, 140 கிராம் வரை போகும். கால் எடுத்த பிறகு கம்ப்ரஸர் நொடிக்கு 30 கிராம் வீதம் அரை நொடி இழுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே 15 கிராம். காற்று 14.7க்கு பெட்ரோல் 1 என்ற விகிதத்தில் அதற்கு ஒரு கிராம் பெட்ரோல். ஐடிலுக்குத் தேவையோ நொடிக்கு 0.2 கிராம். ஐந்து நொடிக்கான பெட்ரோலை ஒரே மடக்கில் ஊற்றினால் எந்த என்ஜினுக்கும் புரையேறத்தான் செய்யும். வேகத்தில் காலை முழுவதும் எடுத்தால் இசியு பெட்ரோலை மொத்தமாக நிறுத்திவிடும், அதனால் அங்கே தெரியாது. கியர் மாற்றும் அந்தச் சின்ன இடைவெளியிலும், வண்டி நிற்கப்போகும் சமயத்திலும்தான் கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், தள்ளாட்டம் எல்லாம்.

மாஃப் இல்லாமல், மேனிஃபோல்டில் (த்ராட்டிலுக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள குழாய்த் தொகுதி) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் வண்டியாக இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, எங்கே வேண்டுமானாலும் துப்பலாம். முதலில் உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

வால்வு விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே இருப்பது டயாஃப்ரமா பிஸ்டனா என்பதுதான் பெரிய பிரிவு. டயாஃப்ரம் என்றால் ஒரு ரப்பர் சவ்வு. சட்டென்று அசையும், எண்ணெய் கிரீஸ் எதுவும் கேட்காது, ஆனால் வயதானால் கிழியும், கிழிந்தால் பூஸ்ட் கசியும். பிஸ்டன் கிழியாது, ஆனால் அவ்வப்போது கழற்றித் துடைத்து மெலிதாக கிரீஸ் தடவ வேண்டும், அழுக்கு சேர்ந்தால் சிக்கிக்கொள்ளும். எதை எடுத்தாலும் அதன் அடிமைதான். வருடத்துக்கு ஒரு முறை வால்வைக் கழற்றும் பொறுமை எனக்கு இல்லை என்று எனக்கே தெரியும் என்பதால் டயாஃப்ரம் எடுத்தேன்.

விலை உயர்ந்ததுதான் நல்லது என்றும் இல்லை. ஃபோக்ஸ்வாகன், ஆடி 1.8 டர்போ என்ஜின்களில் வந்த போஷ் பிளாஸ்டிக் வால்வை, '710என்' என்று பாக எண்ணின் வாலைச் சொல்லியே கேட்டு வாங்கி, சம்பந்தமே இல்லாத வண்டிகளில்கூட மாட்டுகிறார்கள். முதல் தலைமுறை மிட்சுபிஷி எக்லிப்ஸ் டர்போவில் உலோக வால்வு வந்தது, அடுத்த தலைமுறையில் பிளாஸ்டிக் ஆக்கிவிட்டார்கள், உடனே ஆட்கள் பழைய உலோக வால்வைத் தேடிப் பிடித்துப் புது வண்டியில் மாட்ட ஆரம்பித்தார்கள். அதிலும் சிலர் அந்த வால்வின் தலையை வைஸில் வைத்து நசுக்கி உள்ளே உள்ள ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். கேட்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். ஒன்று கவனம், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 2.0 டிஎஃப்எஸ்ஐ போன்ற என்ஜின்களில் டர்போவின் மேலேயே திருகப்பட்ட மின்சார வால்வு இருக்கும், அதைத் திறப்பது இசியு. அங்கே நான் கீழே சொல்லும் குழாய் வேலைக்கு இடமே இல்லை. அதிலும் ஆரம்பத்தில் டயாஃப்ரம் கிழிந்து, பிறகு பிஸ்டன் வைத்து மாற்றினார்கள்.

ஸ்பிரிங் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, நானும் நம்பினேன்: பூஸ்ட் கூடினால் ஸ்பிரிங்கும் கனமாக இருக்க வேண்டும் என்று. பூஸ்டில் இருக்கும்போது வால்வுக்குக் கீழே குழாயின் அழுத்தம், மேலே சிக்னல் ஹோஸ் வழியாக மேனிஃபோல்டின் அதே அழுத்தம். இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால் ஸ்பிரிங் தாங்க வேண்டியது மிச்சமுள்ள சின்ன வித்தியாசத்தை மட்டும்தான். கால் எடுத்ததும் மேலே வேக்கம் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்) ஆகிவிடும், கீழே அழுத்தம் அப்படியே இருக்கும், வால்வு திறக்கும். கனமான ஸ்பிரிங் போட்டால் என்ன ஆகும்? குறைந்த பூஸ்டில் கால் எடுக்கும்போது திறக்காமல் சர்ஜ் வரும், விரட்டியடிக்க நினைத்ததையே கூப்பிட்டு உட்கார வைத்த கதை. வால்வை இன்டர்கூலருக்கு முன்னால் மாட்டினால் மட்டும் கொஞ்சம் கூடுதல் ஸ்பிரிங் தேவைப்படும், ஏனென்றால் இன்டர்கூலரைக் கடக்கும்போது அழுத்தம் சற்றுக் குறையும், அதாவது வால்வுக்குக் கீழே இருப்பது மேனிஃபோல்டைவிட அதிகம். என் வண்டியில் ஐடில் வேக்கம் சுமார் 19 பாதரச அங்குலம், பூஸ்ட் 0.8 பார். வால்வுடன் வந்த இரண்டு ஸ்பிரிங்கில் மென்மையானதே போதும் என்று ஆனது.

இனி குழாய் வேலை.

காற்றை எடுக்கும் இடத்தை த்ராட்டிலுக்குப் பக்கத்தில், இன்டர்கூலருக்குப் பின்னால் வைத்தேன். அங்கே இருந்த அலுமினியக் குழாயில் 25 மில்லிமீட்டர் கிளை ஒன்றை வெல்டு வைத்தேன். இந்த வேலையைக் குழாயை வண்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்துத்தான் செய்ய வேண்டும், தயவுசெய்து வண்டியிலேயே வைத்து ட்ரில் போடாதீர்கள். இந்தப் பக்கத்துத் துகள் என்ஜினுக்குள் போகும், திரும்பும் பக்கத்துத் துகள் நேராகக் கம்ப்ரஸர் சக்கரத்துக்குப் போகும், அந்த வேகத்தில் ஒரு சின்னச் சுருள் போதும் இறக்கையைத் தின்பதற்கு. வெல்டு முடிந்த பிறகும் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, தண்ணீரில் அலசி, காற்றடித்துத்தான் மாட்டினேன். கிளைக் குழாயின் முனையில் மேடு உருட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் முழு பூஸ்டிலேயே ஹோஸ் கழன்று பறக்கும்.

திரும்பும் ஹோஸ் சேருமிடம் மாஃபுக்கும் டர்போவின் வாய்க்கும் இடையில். இதில்தான் முதலில் சொதப்பினேன். இடம் வசதியாக இருந்தது என்று மாஃபிலிருந்து ஒரு கையகலத்தில், குழாய்க்குச் செங்குத்தாக 'T' வடிவ இணைப்பு வைத்து மாட்டினேன். வால்வு திறந்ததும் வரும் காற்றுக் குத்து பாதி டர்போ பக்கமும் பாதி மாஃப் பக்கமும் போனது. பழைய ஹாட்-வயர் வகை மாஃபுக்குக் காற்று வருகிறதா திரும்பிப் போகிறதா என்று தெரியாது, சூடான கம்பியைக் கடந்தால் எண்ணிவிடும். ஆக, திரும்பி வந்த காற்றையும் எண்ணி, அது மறுபடி உள்ளே போகும்போதும் எண்ணி, ரீசர்க்குலேட்டிங் போட்ட பிறகும் அதே தள்ளாட்டம், அதே பெட்ரோல் நாற்றம். வால்வுதான் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். பிறகு அந்தக் கிளையை டர்போவின் வாய்க்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, காற்று போகும் திசையில் சாய்த்து, சுமார் 40 டிகிரியில் வைத்தேன், பெரிய சாலையில் சின்னச் சாலை வந்து கலக்கிற மாதிரி. அன்றோடு தள்ளாட்டம் போயிற்று.

இந்தப் பக்கத்து ஹோஸுக்கு அழுத்தம் இல்லையே, எது கிடைத்தாலும் போடலாம் என்று நினைக்க வேண்டாம். டர்போ இழுக்கும் பக்கம் என்பதால் முழு லோடில் உள்ளே லேசான வேக்கம் இருக்கும், மெல்லிய ஹோஸ் வளைவில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே துணி அடுக்கு வைத்த சிலிகான் ஹோஸ் போடுங்கள், வளைவு இருந்தால் வளைத்தே செய்த ஹோஸை வாங்குங்கள். என்ஜினின் அடிப்பகுதி ஆவியை வெளியே விடும் கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயும் அதே இடத்தில்தான் வந்து சேரும் என்பதால் எண்ணெய் ஆவி இருக்கும், சாதாரண சிலிகான் அதில் நாளடைவில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். நடுவில் எங்கும் அளவு குறையவும் கூடாது. 25 என்றால் கடைசிவரை 25.

சிக்னல் ஹோஸ்தான் இருப்பதிலேயே சின்னது, ஆனால் மொத்த வால்வுக்கும் மூளை அது. மேனிஃபோல்டில், த்ராட்டிலுக்குப் பின்னால், தனியாக ஒரு முனையிலிருந்து எடுங்கள். பூஸ்ட் மீட்டர், ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டர் போகும் ஹோஸில் டி போட்டு எடுத்தால் மூன்றும் ஒன்றையொன்று தாமதப்படுத்தும். பிரேக் பூஸ்டர் ஹோஸை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதில் ஒருவழி வால்வு இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் எடுத்தால் பூஸ்ட் அழுத்தம் வால்வின் மேல் பக்கத்துக்கு வரவே வராது, எப்போதும் வேக்கம்தான், வால்வு பூஸ்டிலும் திறந்தே கிடக்கும். அதைவிட, அங்கே ஒரு கசிவு என்றால் போவது பிரேக். என்னுடையது ஒன்றரை சாண் நீளம், உள் விட்டம் 5 மில்லிமீட்டர். முதலில் சுற்றி அழகாகக் கொண்டுபோகிறேன் என்று ஒரு மீட்டருக்கு விட்டிருந்தேன், வேகமாக கியர் மாற்றும்போது லேசாக 'துத்து' கேட்டது, வெட்டிச் சுருக்கியதும் நின்றது.

வால்வில் எந்த வாய்க்கு அழுத்தம், எந்த வாய்க்குத் திரும்பும் ஹோஸ் என்பதை அதோடு வரும் தாளைப் பார்த்தே மாட்டுங்கள், மாற்றி மாட்டினாலும் பொருந்தும் என்பதுதான் ஆபத்து.

மாட்டும் முன் கையால் அழுத்தும் வேக்கம் பம்பை சிக்னல் முனையில் வைத்து இழுத்துப் பாருங்கள். வால்வு திறப்பது கண்ணுக்குத் தெரியும், ஒரு நிமிடம் முள் இறங்காமல் நின்றால் டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது. மாட்டிய பிறகு டர்போவின் வாயை மூடி, மெதுவாக 0.7 பார் வரை காற்றடித்து, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். என் வெல்டில் ஒரு ஊசித் துளை இருந்தது, நுரை பொங்கிக் காட்டிக் கொடுத்தது.

இப்போது இசியுவைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடரில் நீண்ட கால ஃபியூயல் ட்ரிம் (இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) இரண்டு சதவீதத்துக்குள் நிற்கிறது. சத்தம் என்று பார்த்தால் ஜன்னலை இறக்கி, சுவர் பக்கமாக ஓட்டினால் ஒரு பெருமூச்சு மாதிரி கேட்கும், அவ்வளவுதான். கிளாம்புகளை மட்டும் ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும், சூட்டில் சிலிகான் அமுங்கி எல்லாமே அரைச் சுற்று தளர்ந்திருந்தன.