பெட்ரோல் பிளேனுக்கு எந்த டியூப் போடலாம்

ரிமோட்ல பறக்க விடுற மாடல் பிளேன்ல, குளோ இன்ஜின்ல (மெத்தனால்ல ஓடுறது) இருந்து பெட்ரோல் இன்ஜினுக்கு மாறுற பசங்க எல்லாரும் எங்கிட்ட கேக்குறது எந்த இன்ஜின் நல்லது, 20 சிசி போதுமா 30 சிசி போகலாமா, எந்த அளவு புரொப்பல்லர் போடணும், இதுதான். டேங்குல இருந்து கார்புரேட்டருக்குப் போற அந்த ஒரு முழம் டியூப பத்தி யாரும் கேக்கறதே இல்ல. இன்ஜினுக்கு அவ்வளவு காசு போட்டுட்டு டியூப் மட்டும் பழைய பிளேன்ல கிடந்தத கழட்டி மாட்டிடுறாங்க, அதனால இதை ஒரு தடவ விரிவா எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல சிலிகான் டியூப். குளோ இன்ஜின் ஓட்டுனவங்க வீட்ல அந்த நீலம், ரோஸ் கலர் சிலிகான் டியூப் கண்டிப்பா கிடக்கும். குளோ பியூயல்ங்கிறது மெத்தனால், கூட ஆயிலும் நைட்ரோமீத்தேனும், அதுக்கு சிலிகான் அருமையா தாங்கும். பெட்ரோல்ல போட்டா அப்படியே ஊறி உப்பிரும், நீளமும் கூடும், மெத்துனு ஆகி நிப்பிள்ல (டியூப் மாட்டுற குட்டிக் குழாய் முனை) இருந்து தானா வழுக்கி வெளிய வந்துரும். நம்பலைன்னா ஒரு துண்ட அளந்துட்டு மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல பெட்ரோல் ஊத்தி ஊறப்போட்டு மறுநாள் எடுத்து அளந்து பாருங்க (அடுப்பு பக்கம் வேணாம், வெளிய நிழல்ல வைங்க). பெட்ரோலுக்கு சிலிகான் வேணவே வேணாம், இதுல ரெண்டாவது பேச்சு இல்ல.

இப்ப டியூப் கெட்டா என்ன ஆகும்னு புரிஞ்சுக்கணும், ஏன்னா இங்கதான் நிறைய பேரு தப்பான இடத்துல தேடுறாங்க. நம்ம இன்ஜின்ல வர்ற வால்ப்ரோ மாதிரி கார்புரேட்டர்ல உள்ளயே ஒரு டயாபிரம் (மெல்லிய சவ்வு) பம்ப் இருக்கு, கிராங்க் கேஸ்ல வர்ற துடிப்பை வச்சு அது பெட்ரோல டேங்குல இருந்து உறிஞ்சி எடுக்குது. அப்ப அந்த டியூப்ல இருக்கது உறிஞ்சுற சக்தி, தள்ளுற அழுத்தம் இல்ல. டியூப்ல ஊசி முனை அளவு வெடிப்பு இருந்தா பெட்ரோல் வெளிய சொட்டாது, காத்து உள்ள போகும். வெளிய இருந்து பாத்தா எல்லாம் சுத்தமா காஞ்சு இருக்கும், ஆனா இன்ஜின் ஐடில்ல நல்லா ஓடிட்டு புல் திராட்டில் குடுத்ததும் லீன் ஆகும் (பெட்ரோல் கம்மியாகி காத்து கூடிரும்), மூக்க தூக்கி ஏத்துனா அணைஞ்சு போகும்.

போன கோடைல கண்மாய் காஞ்சு கிடந்தப்ப பறக்க விட்டுட்டு இருந்தோம் (மதுரை ஏர்போர்ட் பெருங்குடி பக்கம் இருக்கதால அந்தத் திசைக்கே நாங்க போறதில்ல, மேலூர் தாண்டி ஒரு கண்மாய்). காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் வந்து "அண்ணே, எச் நீடில எம்புட்டு திருப்புனாலும் செட் ஆகமாட்டேங்குதுண்ணே"ன்னு நிக்கிறான் (எச் நீடில்ங்கிறது புல் திராட்டில்ல போற பெட்ரோல் அளவ செட் பண்ற கார்புரேட்டர் திருகு). "நீடில விடு தம்பி, டேங்க கழட்டு"ன்னேன். உள்ள டியூப் நிப்பிள் மாட்டுற இடத்துல சின்னதா வெடிச்சிருந்துச்சு. வெட்டிட்டு புதுசு போட்டதும் முன்ன இருந்த அதே நீடில் செட்டிங்ல இன்ஜின் பாடுச்சு.

அடுத்து நம்ம பெட்ரோல். 2022ல 10 சதவீதம் எத்தனால் கலந்து வந்தது 2025ல 20 சதவீதம் ஆகிருச்சு, இப்ப பங்க்ல போய் பிடிக்கிறது பெரும்பாலும் இ20தான். வெளிநாட்டுக்காரங்க போடுற வீடியோவ பாத்து "அவரு நாலு வருஷம் ஒரே டியூப்ல ஓட்டுறாரு"ன்னு நம்பி நாம வாங்கக்கூடாது, அவரு ஊத்துற பெட்ரோல் வேற நம்ம பெட்ரோல் வேற. எத்தனால் சில ரப்பர் வகைகள ஊற வைக்கும், சில பிளாஸ்டிக்ல இருக்க மென்மையாக்குற எண்ணெய உருவி எடுத்துரும், காத்துல இருக்க ஈரத்தையும் இழுத்துக்கும். அதோட மதுரை வெயில். ஏப்ரல் மே மாசம் 40 டிகிரில கார் டிக்கில டேங்க் ஒரு மத்தியானம் கிடந்தா டியூப் படுற பாடு தனி.

சரி, எதைத்தான் வாங்குறது. மஞ்சளா கண்ணாடி மாதிரி தெரியுற டைகான் டியூப், அதுல எஃப்-4040-ஏங்கிற வகை, இதுதான் உலகம் முழுக்க பெட்ரோல் பிளேன்காரங்க போடுறது. நல்லா வளையும், உள்ள பெட்ரோல் ஓடுறது கண்ணுக்குத் தெரியும், குமிழி வந்தா உடனே பாத்துரலாம், இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும். ஆனா அது பிவிசி குடும்பம், அதனால பெட்ரோல்ல நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு நாளாவட்டத்துல விறைச்சுப் போகும், சுருங்கவும் செய்யும். பாலியூரித்தேன் டியூப்பும் கண்ணாடி மாதிரி வருது, தேய்மானத்துக்கு நல்லது, ஆனா தரம் கடைக்குக் கடை ரொம்ப மாறுது, நான் அதை நம்பி போடுறதில்ல. பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கிடைக்கிற கருப்பு டியூப் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், பெட்ரோலுக்கு தாங்கும், விலையும் கம்மி, ஆனா தடிமனா விறைப்பா இருக்கும், உள்ள பாக்கவும் முடியாது. அவசரத்துக்கு ஓகே.

அப்புறம் வைட்டான். 1957ல டூபான்ட் கம்பெனி விமானம், ராக்கெட் மாதிரி தேவைகளுக்குன்னு கொண்டு வந்த புளோரின் ரப்பர் இது, பெட்ரோலும் சூடும் இதை ஒண்ணும் பெருசா செய்யாது, இ20க்கும் தாங்குது. மெத்தனால்னா மட்டும் சாதாரண வகை வைட்டான் ஊறிரும், அதனால குளோ பிளேனுக்கு போட்றாதீங்க. விலை கூடத்தான், ஆனா ஒரு டேங்குக்கு வேண்டியது சாண் அளவுதானே.

என்னோட முடிவு இதுதான்: கண்ணுக்குத் தெரியாத இடத்துல வைட்டான், கண்ணுக்குத் தெரியுற இடத்துல டைகான். டேங்குக்குள்ள இருக்க டியூப்தான் எப்பவும் பெட்ரோல்ல முங்கிக் கிடக்குது, அதை நாம பாக்கவும் முடியாது, அங்க வருஷக்கணக்கா தாங்குறது வேணும். வெளிய இருக்கது குமிழிய காட்டணும், விறைச்சா விரல்லயே தெரிஞ்சுரும், ஒவ்வொரு சீசன் ஆரம்பத்துலயும் வெட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டிரலாம்.

வைட்டான்னு சொல்லி நைட்ரைல குடுத்துர்றது ஆன்லைன்ல நிறைய நடக்குது, ரெண்டும் கருப்பு, பாத்தா வித்தியாசம் தெரியாது. எடை போட்டா தெரிஞ்சுரும். வைட்டான் அடர்த்தி 1.8 பக்கம், நைட்ரைல் டியூப் 1.2, 1.3 அப்படித்தான் வரும். வெளி விட்டம் 6 மிமீ, உள் விட்டம் 3 மிமீ டியூப் ஒரு மீட்டர்னா கிட்டத்தட்ட 21 கன சென்டிமீட்டர் ரப்பர், வைட்டான்னா 38 கிராமோ அதுக்கு மேலயோ இருக்கணும், 30 கிராமுக்குள்ள காட்டுச்சுன்னா திருப்பி அனுப்பிருங்க. சில பேரு நெருப்புல காட்டிப் பாக்கச் சொல்றாங்க, தயவு செஞ்சு செய்யாதீங்க, வைட்டான் எரிஞ்சா வர்ற புகை ரொம்ப விஷம்.

டைகான் மாதிரி மஞ்சள் டியூப் நம்ம ஊர்லயே கிடைக்கும், புல்லு வெட்டுற மிஷின், பவர் ஸ்ப்ரேயர் ரிப்பேர் பண்ற கடைல கேளுங்க, ஒத்தக்கடை மேலூர் பக்கம் விவசாய மிஷின் கடைக இருக்கு. அந்த மிஷின்லயும் இதே மாதிரி டயாபிரம் கார்புரேட்டர்தான், அந்த மெக்கானிக்குகளுக்கு எந்த டியூப் சீக்கிரம் விறைக்குதுன்னு நல்லாத் தெரியும். "அண்ணே, எந்த டியூப் போட்டா கஸ்டமர் திரும்ப வர மாட்டாங்க"ன்னு கேளுங்க, சரியானத எடுத்துக் குடுப்பாங்க.

அளவு: 20 சிசிக்கு உள் விட்டம் 2.4 மிமீ போதும், 50 சிசின்னா 3.2. சுவர் தடிமன் ஒன்றரை மில்லியாவது இருக்கட்டும், மெல்லிசா இருந்தா வளைவுல மடங்கி அடைச்சுக்கும்.

டேங்குக்குள்ள இன்னொரு விஷயம். கிளங்க்னா டேங்குக்குள்ள டியூப் நுனில மாட்டுற சின்ன எடை, பெட்ரோல் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் டியூப இழுத்துட்டுப் போகும். அந்த கிளங்க் டியூப் விறைச்சா பிளேன் மூக்கு குத்தி இறங்குறப்ப முன்னாடி போன கிளங்க் திரும்ப பின்னாடி வராது, அப்புறம் பாதி டேங்க் பெட்ரோல் இருக்கும்போதே இன்ஜின் நின்னுரும். நடுவுல ஒரு துண்டு பித்தளைக் குழாய் போட்டு ரெண்டு பக்கமும் டியூப் மாட்டுனா கிளங்க் மடங்கி முன்னாடி போறது நின்னுரும். பறக்குறதுக்கு முன்னாடி மூக்க மேல தூக்கி லேசா குலுக்குங்க, உள்ள கிளங்க் தட்டுற சத்தம் கேக்கணும். பித்தளைக் குழாய் முனைல மெல்லிய செம்புக் கம்பி ஒரு சுத்து சுத்தி சால்டர் வச்சா வரம்பு மாதிரி நிக்கும், டியூப் கழண்டு வராது, அதுக்கு மேல கேபிள் டை ஒண்ணு. டேங்க் கார்க்கும் பெட்ரோலுக்குன்னு வர்றதுதான் போடணும், குளோ டேங்கோட வர்ற கார்க் பெட்ரோல்ல கொழகொழன்னு ஆயிரும்.

எல்லாம் மாட்டுனதும் வென்ட்ட (டேங்குக்குள்ள காத்து போற குழாய்) அடைச்சுட்டு, காலி டேங்க தண்ணிக்குள்ள முக்கி, சிரிஞ்சால லேசா காத்து குடுங்க, குமிழி எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சுரும். அப்புறம் நல்லா காய வச்சிட்டு பெட்ரோல் ஊத்துங்க.

பறந்து முடிச்சதும் டேங்க காலி பண்ணிட்டு, மிச்சத்த இன்ஜின ஓட விட்டு தீத்துருங்க. ஆயில் கலந்து வச்ச பெட்ரோல (30க்கு 1ன்னா லிட்டருக்கு 33 மில்லி 2டி ஆயில்) இறுக்கமா மூடுற கேன்ல வச்சு அந்த மாசத்துக்குள்ள தீத்துருங்க, மீந்தா பைக்ல ஊத்தாதீங்க, புல்லு வெட்டுற மிஷின் வச்சிருக்க யாருக்காவது குடுத்துருங்க. டியூப் கழட்டும்போது நிப்பிள்ல இருந்து இழுக்காம பிளேடால நீளவாக்குல கீறி எடுங்க, இழுத்தா கார்புரேட்டர் நிப்பிள் ஆட்டம் கண்டுரும், அங்கயும் காத்து புகும்.