மூச்சை விட்டபோது தெரிந்தது

களி உருண்டையில் பாதியைத் தின்று முடித்த அரை மணி நேரத்திற்குள், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்துவிடுவாள் என் தங்கை. வலிக்குப் பயந்தே சாப்பாட்டைக் குறைத்து, 52 கிலோ இருந்தவள் ஒன்றரை ஆண்டில் 41 கிலோவுக்கு இறங்கினாள். காவேரிப்பட்டணத்திலும் கிருஷ்ணகிரியிலும் எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன் இரண்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, கேஸ்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றார் ஒரு மருத்துவர். அவரை மன்னிக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

சேலத்தில் ஒரு ரேடியாலஜிஸ்ட், வெறும் வயிற்றோடு வரச்சொல்லி, இரத்தம் ஓடும் வேகத்தை அலைகளாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் செய்தார். “மூச்சை நல்லா இழும்மா” என்றபோது திரையில் அலைகள் ஓரளவு அடங்கியே இருந்தன. “இப்போ முழுசா விட்டுட்டு அப்படியே நிறுத்தும்மா” என்றதும் அவை சட்டென்று உயர்ந்தன. இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சீலியாக் தமனியை, அது பெருந்தமனியிலிருந்து பிரியும் இடத்திலேயே உதரவிதானத்தின் நார்ப்பட்டை அமுக்குகிறது என்றும், மூச்சை விடும்போது அந்தப் பிடி மேலும் இறுகுவதால் குறுகிய வழியில் இரத்தம் பீறிட்டு ஓடுகிறது என்றும் அவர் விளக்கினார். மாந்தோப்பில் குழாயின் வாயை விரலால் அழுத்தித் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது புதிதல்ல. நொடிக்கு 200 செ.மீ.க்கு மேல் வேகம் போனாலே குறுக்கம் இருக்குமோ என்று சந்தேகிப்பார்களாம். மூச்சை விட்ட நிலையில் இவளுக்கு 300ஐத் தாண்டியிருந்தது.

அடுத்தது இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம். வழக்கமாக மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லித்தான் படம் எடுப்பார்கள் என்பதால், மூச்சை விட்ட நிலையிலும் எடுக்க வேண்டும் என்று அவரே சீட்டில் எழுதிக் கொடுத்தார். குறுக்குவெட்டுப் படங்களில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பக்கவாட்டுப் படத்திலோ தமனி தூண்டில் முள்போலக் கீழ்நோக்கி வளைந்து, வளைவுக்கு அப்பால் சற்றுப் புடைத்திருந்தது.

ஆனால், எந்தத் தொந்தரவும் இல்லாத பலருடைய படங்களிலும் இதே வளைவு காணப்படுவதால், படத்தை மட்டும் நம்பிக் கத்தியை எடுக்க அறுவை மருத்துவர் தயங்குகிறார். அவர் தயங்குவதே எனக்கு நம்பிக்கை தருகிறது. தமனியைச் சுற்றியுள்ள நரம்புப் பின்னலில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அதன்பின் சாப்பிட்டால் வலி வருகிறதா என்று பார்க்கப்போகிறார்கள். ஊசி வரும் வியாழக்கிழமை; களியும் கீரைக்கடைசலும் தூக்குவாளியில் நான்தான் கொண்டுபோக வேண்டும்.