எங்கள் பூங்காச் சுவருக்குப் பணம் வந்த வழி

எங்கள் குடியிருப்புப் பூங்காவின் கிழக்குச் சுவரில் இப்போது தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் சுடுமண் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று போய் ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். செய்தவர்கள் காருகுறிச்சி மண்பாண்டக் கலைஞர்கள். பாளையங்கோட்டைப் பக்கத்து நலச் சங்கத்துக்காரர்கள் பலரும் "இதற்குப் பணம் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்கிறார்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது என்பதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் இடம் யாருடையது என்பது தெளிவாக வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கும் 10 சதவீத இடத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பத்திர நகலும் அங்கீகரித்த லேஅவுட் வரைபடமும் கையில் இருந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். சங்கமும் பதிவு பெற்றதாக, கணக்கு வழக்கு சரியாக இருக்க வேண்டும்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. எங்களுக்கும் அப்படித்தான். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ லாபமோ உள்ள நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கலையும் பண்பாடும் மரபுக் கைவினையும் உண்டு. ஆனால் வெளி அமைப்பு ஒன்றிடம் பணத்தைக் கொடுப்பதென்றால் அந்த அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் பதிந்திருக்க வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவமும் காட்ட வேண்டும். நாங்கள் அணுகிய நிறுவனம் மரியாதையாகவே இதைச் சொல்லி அனுப்பியது. ஒரு தெருவின் நலச் சங்கத்துக்கு இது எட்டாத வழி. உங்கள் ஊரில் பதிவுள்ள அறக்கட்டளை ஏதாவது முன்வந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது தமிழக அரசின் நமக்கு நாமே திட்டம். 1997இல் தொடங்கி, இடையில் நின்று, 2021இல் மறுபடி வந்த திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். பூங்கா மேம்பாடு அதில் வருகிறது. எங்கள் பங்குக்கான உறுதியைச் சங்கத் தீர்மானமாக எழுதி விண்ணப்பத்தோடு கொடுத்தோம்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல் வந்தது. எஸ்டிமேட் போட வந்த பொறியாளர் பொறுமையான மனிதர். சுவருக்குப் போட்டார், அஸ்திவாரத்துக்குப் போட்டார், பூச்சுக்குப் போட்டார். சிற்பத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பொதுப்பணித் துறை விலைப் பட்டியலில் செங்கல் கட்டுக்குக் கன மீட்டருக்கு இவ்வளவு, கொத்தனாருக்கு நாளுக்கு இவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. குயவர் கையால் வனையும் சிற்பத்துக்கு அதில் விலையே இல்லை. "பேசாம பெயிண்டிங்னு போட்டுருவோமா சார்?" என்று கேட்டார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். பட்டியலில் இல்லாததற்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

பட்டியலில் இல்லாத வேலைக்கு, செய்பவரிடமே விலைப்புள்ளி (கொட்டேஷன்) வாங்கிச் சேர்க்க வழி உண்டு. அதற்காகக் காருகுறிச்சிக்குப் போனோம். சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்டதும் அங்கிருந்த பெரியவர் சிரித்தார். "அண்ணாச்சி, மண்ண அளந்து வெல சொல்லிருவேன். கைக்கு நாள் கணக்குதான்." அவர் சொன்னதையே அடிப்படையாக்கினோம். மண் எடுத்துப் பக்குவம் செய்ய, வனைய, நிழலில் உலர்த்த, சூளை வைக்க, விறகுக்கு, உடைந்துபோகும் சுடுமண் வில்லைகளுக்கு என்று தனித்தனியாக எழுதி விலைப்புள்ளி ஆக்கினோம். எஸ்டிமேட்டில் அது ஏறியதுதான் இந்த முழு வேலையிலும் எனக்குப் பெரிய விஷயம். கலைஞரின் கூலி 'இதர செலவுகள்' என்ற தலைப்புக்குள் போயிருந்தால் யாராவது முதலில் அதில்தான் கை வைத்திருப்பார்கள்.

அடுத்தது டெண்டர். மூன்றில் ஒரு பங்கு மட்டும் கட்டினால் வேலை ஒப்பந்தப்புள்ளிக்குப் போகும், குறைந்த விலை சொன்னவருக்குக் கிடைக்கும். அவர் காருகுறிச்சிக்கே போவார் என்று என்ன நிச்சயம்? சிமெண்டு அச்சில் வார்த்து எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டாலும் கேட்க முடியாது. ஆனால் மக்கள் பங்கு 50 சதவீதத்தை எட்டினால் பங்களிப்பவர்களே வேலையைச் செய்துகொள்ள விதி இடம் தருகிறது. ஆறு லட்ச ரூபாய் மதிப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லட்சம் கட்டினால் சுவர் கிடைக்கும். மூன்று லட்சம் கட்டினால், அதை யார் கை செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும் கிடைக்கும். அந்தக் கூடுதல் தொகைக்காக வீடு வீடாகப் போனோம். வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகள் நிறையவே அனுப்பினார்கள். தெருமுனையில் இஸ்திரி போடும் அக்காவும் கொடுத்தார். தொகை எவ்வளவானாலும் ரசீது, பூங்கா வாசலில் வரவுப் பட்டியல் என்று வைத்துக்கொண்டோம். பட்டியல் ஒட்டிய பிறகு வசூல் வேகமெடுத்தது.

எதைச் செய்வது என்பதில் கூட்டம் சூடாகத்தான் நடந்தது. ஆளுக்கொரு தலைவர் பெயர் சொன்னார்கள். சிலை என்றால் அரசு அனுமதி தனியாக வாங்க வேண்டும். அதைவிட, நம் பக்கத்தில் ஒரு முகத்தை வைத்தால் இன்னொரு முகம் ஏன் இல்லை என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு எல்லோருக்கும் பொது. ஓய்வு பெற்ற ஒரு பாசன அலுவலர்தான் எட்டு அணைக்கட்டுகளைச் சொன்னார். அவற்றில் ஸ்ரீவைகுண்டம்தான் கடைசியாக, ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது என்பதே அங்கிருந்த பலருக்குப் புதுச் செய்தி.

காலத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் உலராது, சூளையும் வைக்க முடியாது. மார்கழியில் அவர்களுக்குப் பொங்கல் பானை வேலை. தை பிறந்த பிறகுதான் நம் வேலைக்குக் கை ஒழியும். அரசுக்கோ மார்ச் 31 நிதியாண்டு முடிவு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டாமல் இருக்க ஆடிக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். பெரிய பலகையாக வனைந்தால் உலரும்போது சுருங்கி வெடிக்கும். அதனால் சிறு வில்லைகளாகச் செய்து, பின்பக்கம் குடைந்து, கம்பி கட்டத் துளை விட்டுச் சுட்டார்கள். சுவரின் அடியில் மழைநீர் வடியக் குழாய் வைத்தோம். அதையும் எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

அரசுப் பங்கு, வேலை முடிந்த அளவை எம் புக்கில், அதாவது பொறியாளரின் அளவுப் புத்தகத்தில், பதிந்த பிறகுதான் வரும். சூளை விறகுக்கு முன்பணம் கொடுக்காமல் குயவர் வேலையைத் தொடங்க முடியாது. ஆகவே வசூலில் ஒரு பகுதி ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். பராமரிப்புக்கு எங்களுக்கு யாரும் பணம் தரவில்லை. மாதச் சந்தாவில் ஒரு சிறு தொகையை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். உடைந்தால் மாற்றுவதற்குக் கூடுதல் வில்லைகளையும் முதல் சூளையிலேயே சுட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.

விலைப்புள்ளி எழுதிய விதம், சங்கத் தீர்மானத்தின் வாசகம் இரண்டுக்கும் நகல் வைத்திருக்கிறேன். கேட்கும் சங்கங்களுக்குத் தருகிறேன், உங்கள் பகுதிப் பொறியாளரிடம் காட்டுங்கள். முன்பு ஓரிடத்தில் எஸ்டிமேட்டில் ஏறிய வேலை என்றால் அவருக்கும் எழுதத் தைரியம் வரும்.