சாவி இல்லாத ஜனதா

1981-இல் அப்பாவுக்குக் கல்யாணத்தில் தாத்தா ஒரு மோதிரமும் எச்எம்டி ஜனதா வாட்ச் ஒன்றும் போட்டார். மோதிரம் எப்போதோ அடகுக்குப் போய் மூழ்கிவிட்டது. வாட்ச் மட்டும் பீரோவில் அம்மாவின் பழைய குங்குமச் சிமிழ் பக்கத்தில் கிடந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறதுக்காக பீரோவை ஒதுக்கினபோதுதான் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கக் கீறல், டயலில் ஆறாம் மணிப் பக்கம் டீ சிந்தின மாதிரி ஒரு பழுப்பு, சாவி, அதாவது பக்கவாட்டில் திருகுகிற குமிழ், இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

சாவிதானே, அரை மணி நேர வேலை என்று நினைத்து டவுனுக்குப் போனேன். ரத வீதி பக்கம் ஒரு கடையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிப் போட்டுட்டு பேட்டரி மெஷின் வச்சிரலாம் சார், முந்நூறு ரூவா" என்றார்கள். ஜங்ஷனில் வேறொரு கடையில் கைக்குக் கிடைத்த சாவியை மாட்டிக் காட்டினார்கள். பளபளவென்று, குண்டாக, வேட்டி கட்டினவர் ஷூ போட்ட மாதிரி இருந்தது. வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. 2016-இல் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவையே ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதனால் இன்றைக்கு ஒரிஜினல் பாகம் வேண்டுமென்றால் ஒன்று எவர் கடையிலாவது பிரிக்காத பழைய சரக்கு இருக்கவேண்டும், இல்லையென்றால் இன்னொரு ஜனதாவின் வயிற்றைக் கிழிக்கவேண்டும்.

நான் கிழிக்கலாம் என்று முடிவுசெய்து, ஆன்லைனில் 'ஒரிஜினல்' என்று போட்டிருந்த ஒன்றை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். வந்ததைப் பார்த்ததுமே சந்தேகம். நாற்பது வருஷ வாட்ச்சில் டயல் எப்படி நேற்றுப் பெயின்ட் அடித்த கேட் மாதிரி மின்னும்? லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் கசிந்திருக்கிறது, நிமிஷக் கோடுகளில் பாதி வட்டத்தைத் தொடவே இல்லை. பழைய டயலைச் சுரண்டி மறுபடி அச்சடித்தது. சரி, சாவியாவது தேறும் என்று பார்த்தால் அதுவும் எவனோ மாட்டின வேறு சாவி.

கடைசியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார் என்று சித்தப்பா சொல்லி, செங்கோட்டை பாசஞ்சரில் போனேன். ஜவுளிக்கடைப் படிக்குக் கீழே ஒரு மேஜை, கண்ணாடிப் பெட்டி, வரிசையாகப் பல்பொடி டப்பாக்கள். ஒரு டப்பா முழுக்கப் பழைய சாவிகள். வெள்ளைத் தாளில் கொட்டி, இடுக்கி நுனியால் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி, எட்டாவதோ ஒன்பதாவதோ ஒன்றை எடுத்து, "இதுதாம் தம்பி" என்றார். தட்டையாக, ஓரப் பல்லெல்லாம் லேசாகத் தேய்ந்து, அப்பா வாட்ச்சின் நிறத்திலேயே இருந்தது.

சாவியோடு சேர்ந்து உள்ளே போகிற மெல்லிய தண்டு, ஸ்டெம், கொஞ்சம் நீளம். அதை நறுக்கி, அரத்தில் ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவி, மூன்று தடவை. உள்ளே ஸ்டெம்மைப் பிடித்திருக்கிற குட்டித் திருகை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தினால் லிவர் நழுவிவிடும், அப்புறம் டயலையே கழற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே மூச்சைப் பிடித்துத் திருகினார். மெஷினைப் பெட்ரோலில் கழுவி எண்ணெய் போட்டார். சாவி கொடுத்ததும் பேலன்ஸ் சக்கரம் துடித்தது பாருங்கள், நொடிக்கு ஐந்து தட்டு, எனக்குக் கை நடுங்கிவிட்டது. கண்ணாடியும் உண்மையில் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். அதனால் டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்தே கீறலை முக்கால்வாசி எடுத்துவிட்டார். டயல் பழுப்பைக் காட்டினேன். "அதத் தொடாதீய" என்றதோடு சரி.

மொத்தம் 400 ரூபாய். கொஞ்சம் வேகமா ஓடுகிற மாதிரி தெரியுது, ரெண்டு நாள் பார்த்துட்டு அடுத்த வாரம் கொண்டுவாங்க, வேகத்தைக் குறைச்சுத் தாரேன் என்றார்.

அப்பாவிடம் கொடுத்தேன். கட்டிக்கொண்டு, கட்டைவிரலால் சாவியை ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். மறுநாள் சரியாக நாலு நிமிஷம் கூட ஓடியிருந்தது. அண்ணாச்சியிடம் கொண்டுபோகக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார். "உங்க தாத்தா வாங்கிப் போட்ட அன்னைக்கே நாலு நிமிசம் கூடத்தாம்ல ஓடிச்சு. பஸ்ஸப் பிடிக்க அதான் தோது."