தபசு மரமும் தீர்த்தமலையும்

22 வருஷமாக அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பதினெட்டு நாள் பாரதம்தான். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துக் கதை சொல்வார். ராத்திரி அதே கதையை நாங்கள் கூத்தாக ஆடுவோம். அதில் அர்ச்சுனன் தபசுக்குக் கூடுகிற கூட்டம் தனி.

சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் கயிலைக்குத் தவம் போகிற கட்டம் அது. 50, 60 அடி உயரத்துக்கு மரம் நட்டு, படி கட்டி, உச்சியில் உட்காரப் பலகை வைத்திருப்பார்கள். விரதம் இருந்து, ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறவேண்டும். மேலே போய் தீபாராதனை காட்டி, மடியில் கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழம், விபூதி, வில்வம், பூ எல்லாவற்றையும் கீழே போடவேண்டும். குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தடியில் மடியேந்தி நிற்பார்கள். ஒரு பழம் மடியில் விழுந்துவிட்டால் அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே, அதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம்.

இறங்கி வந்தால் ஊரே காலில் விழும். என் அம்மா வயதுப் பெண்கள் சலங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆட ஆரம்பித்த ஐந்தாறு வருஷத்தில் அது எனக்குப் பிடித்துப்போனது. கிரீடத்தைக் கழற்றிய பிறகும் தலை நிமிர்ந்தே இருந்தது. டீக்கடையில் யாராவது எழுந்து இடம் தராவிட்டால் மனசு சுருக்கென்றது.

அப்படி ஒரு தபசு அன்று, கம்பைநல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில்தான் சாமியாரை முதலில் பார்த்தேன். காவி வேட்டி, தோளில் ஒரு துண்டு, வேறொன்றும் இல்லை. முன்பு பாரதம் படித்தவர், பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தீர்த்தமலை அடிவாரத்தில் இருப்பவர் என்று எங்கள் கூத்து வாத்தியார் சொன்னார். எல்லோரும் விழுந்து எழுந்து போகும்வரை அவர் மிருதங்கக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு சொம்பு நீர்மோரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அர்ச்சுனா, மரத்து மேல யாரைக் கூப்பிட்டே?"

"சிவபெருமானைத்தான் சாமி."

"வந்தாரா?"

மோர் தொண்டையில் நின்றுவிட்டது. அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. "பௌர்ணமிக்குத் தீர்த்தமலைக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். பௌர்ணமிக்கு முதல் நாள் ராத்திரி ஓர் ஊரில் கூத்து. விடியற்காலை வேஷம் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியவன், என்னமோ அரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அரூரிலிருந்து தீர்த்தமலை சுமார் 16 கிலோமீட்டர். சாமியார் அடிவாரக் கோயிலில் காத்திருந்தார். "முதல்ல அனுமந்தீர்த்தம்" என்று தென்பெண்ணைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே முழுகிவிட்டுத்தான் மலை ஏறவேண்டும் என்பது வழக்கம்.

தலபுராணம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்தார். காசித் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமார் வரத் தாமதம். வேளை தவறக்கூடாதென்று ராமர் பாறையில் அம்பு விட, அங்கிருந்தே தீர்த்தம் வந்தது, பூஜையும் முடிந்தது. பிறகு வந்த அனுமார் கோபத்தில் கையிலிருந்த கலசத்தை எறிந்தார். அது விழுந்த இடம்தான் அனுமந்தீர்த்தம். இரண்டிலும் நீராடினால்தான் பலன் முழுமை. எறிந்த கலசத்துக்கும் சாமி ஓர் இடம் கொடுத்துவிட்டார் என்பது எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது.

மலை ஏற்றம் சுலபமில்லை. படி செங்குத்தாகப் போகும் இடங்களில் மூச்சு வாங்கும். குரங்குகள் பையைப் பார்த்துக்கொண்டே கூட வரும். அருணகிரிநாதர் ஏறி வந்து பாடிய மலை. 60 அடி மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிற எனக்கு இது எம்மாத்திரம் என்று ஆரம்பித்தவன், பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். சாமியார் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார். அன்று ஆடிய வனவாசத்துப் பாட்டு ஒன்று வாயில் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அங்கே பாட்டுக் கேட்க யாரும் இல்லை.

மேலே ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி என்று ஐந்து தீர்த்தங்கள். ராமர் தீர்த்தம் உயரத்துப் பாறை முகத்திலிருந்து விழுகிறது. அருவி மாதிரி கொட்டாது, மெல்லிய தாரைதான். எந்தக் கோடையிலும் நிற்காது என்பார்கள். காற்று வீசினால் தாரை நகர்ந்துவிடும், நாம்தான் அது வரும் இடத்துக்கு நகர்ந்து நிற்கவேண்டும்.

"அங்க நில்லு" என்றார். நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தோளில் நாலு சொட்டு. பிறகு சரியாக உச்சந்தலையில். கிரீடக் கயிற்றை இறுக்கிக் கட்டிக் கட்டி நெற்றியின் இரண்டு பக்கமும் தழும்பு விழுந்திருக்கும், எல்லா ராஜவேஷக்காரருக்கும் அது உண்டு. தண்ணீர் அந்தத் தழும்பில் இறங்கியபோது ஜிலீரென்று எரிந்தது. கண்ணைத் திறந்தால் சாமியார் எதிரே நிற்கிறார். என் காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் துடைத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரலில் பச்சை அரிதாரம்.

"தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சேன் சாமி..."

"அர்ச்சுனனுக்கு முன்னாடி சிவன் எப்படி வந்தார்?"

"வேடனா வந்தார்."

"அவரே வேஷம் கட்டித்தான் வந்தார். பன்னிக்குச் சண்டை போட்டார், அவன் வில்லால அடிச்சான், வாங்கிக்கிட்டார். வேலை முடிஞ்சதும் வேஷத்தைக் கலைச்சுட்டு ரிஷபத்துல காட்சி கொடுத்தார். உனக்குக் கலைக்கவே மனசு வரலை."

அப்போதுதான் முதல்முறையாக என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னை அர்ச்சுனா என்று கூப்பிட்டதில்லை. வா என்று சொல்லித் தீர்த்தகிரீஸ்வரர் சந்நிதிக்கும், வடிவாம்பிகை சந்நிதிக்கும் கூட்டிப்போனார். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை. அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

இறங்கும்போது ஒரே ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். "யாராவது கால்ல விழுந்தா தடுக்காதே, அவங்க நம்பிக்கை அது. ஆனா நீ வாங்கி வச்சுக்காதே. மனசுக்குள்ள தீர்த்தகிரீசான்னு சொல்லி மலைக்கு அனுப்பிடு." அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

எல்லா நேரமும் கைகூடியது என்று சொல்லமாட்டேன். ஒரு வருஷம் சம்பளப் பாக்கிக்காக ஊர்க்காரர்களோடு பெரிய வாக்குவாதம். அந்தக் கோபத்தோடேயே மரம் ஏறினேன். பாதி மரத்தில் பாட்டு அடைத்துக்கொண்டது, அடுத்த அடி வரவில்லை. கீழே முகவீணை என்கிற குட்டி நாயனம் வாசிப்பவர் திரும்பத் திரும்ப அதே மெட்டை வாசித்து எனக்காகக் காத்திருந்தார். மரத்தைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடினேன். ராமர் தீர்த்தத்தில் தாரை நகர்ந்துபோனால் நாம்தான் நகரவேண்டும் என்பது ஞாபகம் வந்தது. கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு மேலே போனேன். அன்று வீசிய பழத்தை மடியில் பிடித்த ஒரு பெண், அடுத்த வருஷம் கைக்குழந்தையோடு வந்து மரத்தடியில் நின்றாள். அம்மன் கொடுத்த குழந்தை.

சாமியாருக்கு இப்போது முழங்கால் முடியவில்லை, மலை ஏறுவதில்லை. இந்த மாசி மகத்துக்குத் தேர் பார்க்கப் போயிருந்தேன். அடிவாரத்தில் அவர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். பித்தளைச் சொம்பைக் கொடுத்து, "எனக்குக் கொஞ்சம் கொண்டுவா" என்றார். அன்று கூட்டம் அதிகம். தாரைக்குக் கீழே சொம்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். காற்று வேறு. நிரம்பிய சொம்பின் வாயைத் துண்டால் கட்டி, ஒரு சொட்டும் சிந்தாமல் இறங்கி வர மத்தியானம் ஆகிவிட்டது.

இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். மிச்சத்தைத் தலையில் விட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கிட்டே வரச்சொல்லி, காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, சாப்பிட்டியா?" என்றார்.