பெயரில்லாத ஓடை பட்டியலில் ஏறியது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு வரைபடத்தில் பெயர்கூடக் கிடையாது. கொஞ்சம் எட்டிக் கால் வைத்தால் தாண்டிவிடலாம். அதில் புரூக் டிரவுட் என்ற மீன் இருப்பது தூண்டில் போடுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். இந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ மீனே அதுதான். ஆனால் மாநில மீன்வள ஆணையத்தின் 'டிரவுட் தானாக இனம்பெருக்கும் ஓடைகள்' பட்டியலில் இல்லாதவரை, பக்கத்தில் மண் தோண்டுகிறவருக்கு அது வெறும் வாய்க்கால்.

யாரும் இதுவரை ஆய்வு செய்யாத ஓடைகளைப் பார்க்க ஆணையம் 2010 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. கல்லூரிகளும் தன்னார்வ அமைப்புகளும் அதில் கூட்டு. எங்கள் ஓடையையும் பார்க்கச் சொல்லி எழுதிப்போட்டேன். அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில் செய்ய வேண்டிய வேலை, கரையோர நிலக்காரர்களிடம் பேசுவது. எனக்கு இதுதான் பெரும்பாடாக இருந்தது. "பட்டியலில் ஏறினால் ஊரே என் நிலத்துக்குள் தூண்டிலோடு வந்து நிற்குமே" என்றார் ஒரு பெரியவர். நியாயமான பயம்தான். பட்டியலில் சேர்வதால் யாருக்கும் தனியார் நிலத்தில் நுழையும் உரிமை வந்துவிடாது என்பதை அவருக்குப் புரியவைக்கப் பல மாலைகள் ஆயின.

ஆய்வு நாள் சீக்கிரமே முடிந்துவிட்டது. முதுகில் பேட்டரிப் பெட்டியோடு ஒருவர் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டே போக, பின்னால் வருகிறவர்கள் மயங்கி மிதக்கும் மீன்களை வலையில் அள்ளி, அளந்து, திரும்ப விட்டார்கள். நான் பெரிய மீனைத்தான் எதிர்பார்த்து நின்றேன். அவர்கள் தேடியதோ விரல் நீளக் குஞ்சை. பெரிய மீன் வேறெங்கிருந்தாவது நீந்தி வந்திருக்கலாம், பண்ணையிலிருந்து விட்டதாகவும் இருக்கலாம். அந்த வருடம் பொரித்த குஞ்சு கிடைத்தால்தான் இங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறது என்று அடித்துச் சொல்ல முடியும். கிடைத்தது!

டிரவுட் ஓடைகளில் உயர்ந்ததான 'ஏ' வகுப்பில் சேர ஒரு ஹெக்டேர் நீரில் குறைந்தது 30 கிலோ புரூக் டிரவுட் வேண்டும். எங்கள் ஓடை அந்த அளவை எட்டவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை, பட்டியலில் ஏறுவது என்ற முதல் படிக்கே பலன் அதிகம்.

பிறகு எல்லாம் காகித வேலை. மாநில அரசிதழில் அறிவிப்பு, பொதுமக்கள் கருத்து, ஆணையர்கள் கூட்டத்தில் வாக்கெடுப்பு. மீன் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி என்பதால் என் கடிதத்தில் உணர்ச்சி வசனம் எதுவும் எழுதவில்லை. பட்டியலில் இப்போதும் அது 'பெயரில்லாக் கிளை'தான். பெரிய ஆற்றோடு எத்தனையாவது மைலில் சேர்கிறது என்பதே அடையாளம்.

அதனால் என்ன மாறியது என்று கேட்கிறார்கள். ஓடையோடு ஒட்டிய சதுப்பு நிலத்துக்கு மாநில விதிகளில் மிக உயர்ந்த பாதுகாப்பு வந்துவிட்டது. முட்டையிடும் காலமான அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை ஓடைக்குள் கட்டுமான வேலைக்குத் தடை. சரளைக்கல் இடுக்கில் கிடக்கும் முட்டைகளை வண்டல் மூடினால் மூச்சுக்காற்று கிடைக்காமல் அவை செத்துவிடும். சாலைக்கு அடியிலுள்ள பழைய குழாயை மாற்ற இலையுதிர்காலத்தில் தேதி குறித்திருந்தார்கள். அந்த வேலை அடுத்த கோடைக்குப் போயிருக்கிறது.